மூன்று கட்டத்து விலங்கு

பத்திரிகை அலுவலகத்தில் எல்லோரும் அவளைக் கட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கட்டம் போடுகிற அக்கா என்பது வாய்க்கு வாய் தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. கீழே மெஷின் ரூமில் மையும் கிரீஸுமாக நிற்கிறவர்களில் பாதிப் பேருக்கு அவளுடைய சொந்தப் பெயரே தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் யாருக்கும் வரவில்லை.

அவள் வேலை பிழை திருத்துவது. மாடியில், ஆசிரியர் அறைக்கு வெளியே, சுவரைப் பார்த்துப் போட்ட மேஜை. அதோடு ஏழாம் பக்கத்தின் குறுக்கெழுத்துப் புதிரும் அவள் போடுவதுதான். கட்டத்துக்குக் கீழே மட்டும் ‘புதிரன்’ என்று ஆண் பெயர் இருக்கும். பழைய ஆசிரியர் வைத்தது. “பொம்பளைப் பேரு போட்டா விடையை விட்டுட்டு வேற எதையாவது எழுதி அனுப்புவானுங்கம்மா” என்று அவர் சொன்னார். அவளும் சரி என்றாள். யார் பெயரில் வந்தால் என்ன, கட்டம் சரியாக விழ வேண்டும்.

அவள் குறுக்கெழுத்துப் பழகியது ரத்தக் காகிதத்தில். அப்பா சந்தையில் இறைச்சிக் கடை வைத்திருந்தார். கறி மடிக்கப் பழைய பேப்பர் கட்டுக்கட்டாக வரும். பள்ளிக்கூடம் விட்டதும் அவள் கடைக்குப் போய்ப் பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வெட்டுக் கட்டையில் கத்தி இறங்கும்போது எலும்புச் சில்லு பறந்து வந்து தாளில் விழும், கூடவே ரத்தத் துளியும். புதிர் இருக்கிற தாளை மட்டும் அவள் காலடியில் ஒளித்து வைத்துக்கொள்வாள். பாதிக் குறிப்புகள் கறைக்குள் போயிருக்கும். மீதிப் பாதியை வைத்துக்கொண்டே முழுக் கட்டத்தையும் நிரப்பிவிடுவாள். கறி வாங்க வந்தவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். அப்பா மட்டும் கத்தியின் பட்டையால் முதுகில் ஒன்று வைத்து, “கண்ணு இங்க இருக்கட்டும்” என்பார்.

அந்தக் கடையிலேயேதான் அவர் செத்தார். எடையில் ஏமாற்றினார் என்று ஒருவன் சண்டைக்கு வந்தான். அப்பாவுக்கு வாய் சும்மா இருக்காது. அவன் பெண்டாட்டியை இழுத்து ஏதோ சொன்னார். கட்டை மேல் கிடந்த அவருடைய கத்தியையே எடுத்து அவன் அவர் வயிற்றில் இறக்கினான். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. கையில் இருந்த பேப்பர் கட்டை அப்படியே காயத்தில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சந்தையே சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. வண்டி கொண்டுவரப் போனவன் திரும்புவதற்குள் கட்டு முழுக்க நனைந்து, அப்பா அடங்கிவிட்டார்.

பிறகு ஒரு கல்யாணம். மாப்பிள்ளை கை நீட்டுகிறவன். முதல் தடவை அடித்தபோது பேசாமல் இருந்தாள். அடுத்த தடவை, சூடேறிக் கிடந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்து அவன் முழங்கையில் வைத்து அழுத்திவிட்டு அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். “பெட்டியோட வந்துட்டியா?” என்று அம்மா அழுதாள். “துணிப் பெட்டி மட்டும்தாம்மா. இன்னொண்ணு அங்கேயே இருக்கு” என்றாள் இவள். அழுதுகொண்டிருந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பத்திரிகை வேலை.

தமிழில் கட்டம் போடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. சொற்கள் பாதிக்கு மேல் ம், ன், ல், ர் என்று புள்ளி வைத்த எழுத்தில் முடியும். புள்ளி வைத்த எழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. அப்படி ஒரு மூலையில் போய் முட்டிக்கொண்டால், கீழிருந்து மேலாகவோ வலமிருந்து இடமாகவோ வேறொரு சொல்லைக் கொண்டுவந்து அந்தப் புள்ளியிலேயே முடிக்க வேண்டும். அதுவும் அமையாவிட்டால் கறுப்புக் கட்டம். கறுப்பு கூடிவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. குறிப்பு எழுதுவதில்தான் அவள் விளையாடுவாள். ‘பகல் விளக்குக்குள் ஒளிந்திருக்கும் படிப்பு’ என்று எழுதுவாள். விடை அந்த வரியிலேயே கிடக்கும்: பகல் விளக்கு என்பதற்கு நடுவே கல்வி. விடை கண்ணெதிரே இருந்தும் ஊர் முழுக்க அரை மணி நேரம் தேட வேண்டும், கண்டுபிடித்ததும் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும். அதுதான் அவளுக்குப் பிடித்தது.

அவள் எழுதித் தருவதைக் கம்ப்யூட்டரில் கட்டமாக அடுக்குகிறவன் லேஅவுட்காரன். முப்பது வயது, இரண்டு பெண் குழந்தைகள், எப்போதும் ஒரு காதில் ஹெட்போன். ஒரு மாதத்துக்கு வேண்டிய புதிர்களை மொத்தமாக அவனிடம் கொடுத்துவிடுவாள். “அக்கா, எனக்கு ஒண்ணு கூட வரல. என்னைய முட்டாள்னு நினைச்சுக்காதீங்க” என்பான். “நினைக்கல தம்பி. தெரிஞ்சதுதானே” என்பாள். அவர்கள் பேச்சு அவ்வளவுதான்.

ஊரில் லாரி ஷெட் வைத்திருந்த ஒருவன் இருந்தான். புறங்கையிலிருந்து கழுத்து வரை அடர்ந்த ரோமம். ஊர் அவனை நேரில் அண்ணன் என்று கூப்பிடும். அவன் முதுகைக் காட்டியதும் கரடி என்னும். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய சர்க்கரை மூட்டைகள் அவன் லாரியில் ஏறி வேறெங்கோ இறங்கியதாக வழக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தது. சாட்சி சொல்லப் போன குடோன் காவலாளியின் இரண்டு முழங்காலையும் யாரோ உடைத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகு சாட்சி இல்லை. அந்த வருஷம் கரடி நகரசபைத் தேர்தலில் நின்றான்.

அவன் மனுப் போட்ட மறுநாள் ஏழாம் பக்கத்தில் ஒரு குறிப்பு வந்தது. ‘தேன் திருடும், இரண்டு காலில் நின்றாலும் மனிதனாகிவிடாது (3)’. விடை கரடி. ஒரே ஒரு கறுப்புக் கட்டம் தள்ளி, கீழிருந்து மேலாக இன்னொன்று: ‘பிறருக்குக் கொடுக்க ஆசைப்படுவோம், நாமாகக் கேட்டு வாங்கமாட்டோம் (3)’. விடை தோல்வி.

அவள் அதை எழுதியபோது கரடி நிற்கப்போகிறான் என்று கரடிக்கே தெரிந்திருக்காது. காட்டு விலங்கு ஒன்று தேவைப்பட்டது, கரடி பொருந்தியது, எழுதினாள். தோல்வி வந்தது ‘வி’ என்ற எழுத்துக்காக. இதைப் பிறகு அவள் எத்தனையோ பேரிடம் சொன்னாள். ஒருவர்கூட நம்பவில்லை.

டீக்கடையில் முதல் ஆள் விடையைக் கண்டுபிடித்துச் சத்தமாகப் படித்தபோது அடுப்படியில் நின்றவன் வரை சிரித்தான். மத்தியானத்துக்குள் லாரி ஷெட்டின் சுற்றுச்சுவரில் யாரோ அதைக் கரியால் எழுதிவிட்டார்கள். அவன் நடந்து போனால் பின்னாலிருந்து, “நின்னாலும் மனுஷனாகிடாதுப்பா” என்று குரல் வந்தது. திரும்பிப் பார்த்தால் எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் பிற்பகல், சாப்பிட்ட மந்தத்தில் எல்லோரும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த வேளையில், அவர்கள் வந்தார்கள். ஏழெட்டுப் பேர் இருக்கும். வாசலில் தடுத்த வாட்ச்மேனின் வாயில் இரும்புத் தடியால் ஓர் அடி. பல் படியில் சிதறியது. அடுத்து மாடி. முன்னால் வந்தவன் கரடியின் பெண்டாட்டிக்குத் தம்பி. கரடிக்கு மச்சான் என்பதால் ஊருக்கே மச்சான் ஆகிவிட்டவன்.

“எவன்டா இங்க புதிரன்?”

ஆசிரியர் தன் அறைக் கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஒருவன் மேஜை மேஜையாகக் கம்ப்யூட்டரை அடித்து நொறுக்கிக்கொண்டே வந்தான். லேஅவுட்காரன் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பியபோது அவன் திரையில் மறுநாளைய கட்டம் இருந்தது. அது போதுமானதாக இருந்தது. மச்சான் அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தைத் திரையில் மோதினான். ஒரு தடவை, இன்னொரு தடவை. மூக்குத்தண்டு உடைந்தது.

“நீதானே கட்டம் போடுறவன்?”

“இல்லண்ணே... நான் சும்மா அடுக்குறவன்...”

“அப்போ எவன் எழுதுறான்?”

அவன் கண் ஒரு தடவைகூட அவள் மேஜைப் பக்கம் போகவில்லை. “தபால்ல வரும்ணே. யாருன்னு தெரியாது.”

மூன்று பேர் அவனைத் தரையில் போட்டு மிதிக்கத் தொடங்கினார்கள். விலாவில் பூட்ஸ் படும்போது வந்த சத்தம் அப்பா கடையில் கேட்டு அவளுக்குப் பழக்கமான சத்தம்தான். அவள் எழுந்தாள்.

“அவரை விடுங்க. நான்தான் புதிரன்.”

மச்சான் திரும்பிப் பார்த்தான். நரை தட்டிய கொண்டை, மூக்கின் நுனியில் கண்ணாடி, விரலில் சிவப்பு மை. அவன் சிரித்தான், கூட வந்தவர்களும் சிரித்தார்கள். “உக்காரு பெரியம்மா. ஆம்பளையக் காப்பாத்த ஆம்பளை வேஷமா?”

“நான்தான்னு சொல்றேன்ல.”

அடி நிற்கவில்லை. மச்சான் பின்பாக்கெட்டிலிருந்து மடித்த பேப்பரை எடுத்தான். முதல் நாள் பேப்பர், ஏழாம் பக்கம். அதில் முக்கால்வாசிக் கட்டங்கள் நீல மையில் நிரம்பியிருந்ததைப் பார்த்து அவளுக்கு ஒரு கணம் என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. அவனும் தினமும் போடுகிறவன்தான்.

“சரி, சொல்லு. எட்டு, இடமிருந்து வலம். ‘தலை போனால் மீன் பிடிக்கும், தலை இருந்தால் தூக்கம் கெடுக்கும்.’”

“முதல்ல அவரை அடிக்கிறத நிறுத்தச் சொல்லு.”

அவன் கையைக் காட்டினான். நிறுத்தினார்கள். லேஅவுட்காரன் தரையில் சுருண்டு கிடந்தான். வாயிலிருந்து வழிந்தது ரத்தமா எச்சிலா தெரியவில்லை.

“கவலை. தலை போனா வலை.”

மச்சானின் உதடு அசைந்தது. அவள் மேஜையிலிருந்தே சிவப்புப் பேனாவை எடுத்து மூன்று கட்டத்திலும் எழுதினான். “பொருந்துது” என்றான், தனக்குத்தானே. “பதினொண்ணு?”

“அது வலமிருந்து இடம். பின்னாலிருந்து பார். பயணம்.”

அதையும் எழுதினான். அறையில் ஒரு நிமிஷம் பேனா கிறுக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. கட்டம் நிறைந்துவிட்டது. அவன் தலையை நிமிர்த்தியபோது அந்த நிமிஷம் முடிந்திருந்தது.

“அப்போ கரடின்னு எழுதினது நீதான்.”

“அது காட்டுக் கரடி. உங்க மாமாவை நினைச்சு எழுதல.”

“எந்தக் கையால எழுதின?”

விரலில் இருந்த மை சொல்லிவிட்டது. வலது கையை இழுத்து மேஜையில் விரித்து ஒருவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். மச்சான் தடியை ஓங்கி இறக்கினான். எலும்பு உடைந்தது வலிப்பதற்கு முன்பே காதில் விழுந்தது. இரண்டாவது அடிக்கு அவள் கத்தினாள். அந்தக் கத்தலில்தான் தரையில் கிடந்த லேஅவுட்காரன் எப்படியோ எழுந்து மச்சானின் முதுகில் பாய்ந்தான். பக்கத்தில் நின்றவன் சைக்கிள் செயினைச் சுழற்றினான். அது லேஅவுட்காரனின் முகத்தில், இடது கண்ணில், சுற்றிக்கொண்டு பிடுங்கியது.

அதற்குப் பிறகு அவள் யோசித்துச் செய்தது எதுவும் இல்லை. இடது கைக்குப் பேப்பர் வெட்டுகிற கத்தி அகப்பட்டது. மச்சான் அவள் பக்கம் திரும்பினான். காதோரத்தில் வைத்து வாய் மூலை வரை ஒரே இழுப்பாக இழுத்தாள். கன்னம் திறந்துகொண்டு பல் வெளியே தெரிந்தது. அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு பின்வாங்கினான். அவள் விடவில்லை. மறுபடி வீசினாள், தோளில் பட்டது. இன்னொரு தடவை வீசினாள், காற்றில் போனது. அதற்குள் மெஷின் ரூம் ஆட்கள் ஸ்பேனரும் இரும்புப் பட்டையுமாகப் படியேறி வந்துவிட்டார்கள். படிக்கட்டில் நடந்த சண்டையில் மச்சான் உருண்டு விழுந்தான். ஓட முடியாமல் போனது அவன் ஒருவன்தான்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு விரல்களில் கம்பி வைத்துக் கட்டினார்கள். இரண்டு விரல் இனி மடங்காது என்றார்கள். லேஅவுட்காரனுக்கு இடது கண்ணை எடுத்துவிட்டார்கள்.

கட்டோடு அவனைப் பார்க்கப் போனபோது வார்டு வாசலிலேயே அவன் மனைவி வந்து நின்றாள். ஓங்கி அறைந்தாள். கட்டக்காவின் மூக்குக் கண்ணாடி தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போனது. மறு கன்னத்திலும் அறைந்தாள். நர்ஸ் ஓடிவந்து பிடித்தபோதுதான் அந்த மனைவிக்கு வாய் திறந்தது. “உன் விளையாட்டுக்கு என் புருஷன் கண்ணுதான் கிடைச்சுதா? எழுதினது நீ, வாங்கினது அவரா?”

கட்டக்கா குனிந்து, இடது கையால் கட்டிலுக்கு அடியில் துழாவிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

போலீஸில் இன்ஸ்பெக்டர் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். “நமக்குள்ள இருக்கட்டும்மா. வேணும்னுதானே எழுதினீங்க?”

“இல்ல சார். ஒரு மாசம் முன்னாடியே எழுதிக் கொடுத்தது.”

“சும்மா சொல்லுங்க. சூப்பரா எழுதியிருக்கீங்க.”

எதிர்க்கட்சிக்காரர்கள் அவள் வீடு தேடி வந்தார்கள். அவளுடைய கட்டுப் போட்ட கையைப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். அவள் கதவைச் சாத்தினாள். அது அவர்களைத் தடுக்கவில்லை. மறுநாள் ஊர் முழுக்கப் போஸ்டர். தேன் திருடும், இரண்டு காலில் நின்றாலும் மனிதனாகிவிடாது. கீழே, கரடியின் படம். அவள் எழுதிய வரி, எழுத்து மாறாமல். அந்தப் போஸ்டரைக் கிழித்தவனை அவர்கள் அடித்தார்கள், ஒட்டியவனைக் கரடியின் ஆட்கள் அடித்தார்கள். மூன்றாம் நாள் லாரி ஷெட்டில் யாரோ தீ வைத்தார்கள். நான்கு லாரிகள் எரிந்தன. ஒன்றின் கேபினுக்குள் கிளீனர் ஒருவர் காய்ச்சலோடு படுத்திருந்தார். கதவு சூட்டில் இறுகிவிட்டது. அவர் கண்ணாடியை உடைக்கக் கையால் குத்தியதை எதிர்க் கடைக்காரர்கள் பார்த்தார்கள். யாராலும் கிட்டப் போக முடியவில்லை.

அந்தச் செய்திக்குப் பிழை திருத்த வேண்டியவள் அவள்தான். விடுப்பில் இருந்ததால் வேறு யாரோ திருத்தினார்கள். கரிக்கட்டையாக என்பதில் ஒரு க் விட்டுப்போயிருந்தது. வீட்டில் படித்த அவள் கண் அந்த வார்த்தையிலேயே நின்றது.

கிளீனரின் வீடு பேருந்து நிலையத்துக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட வரிசையில் ஒன்று. அவருக்கு ஓர் அக்கா மட்டும்தான். அந்த அம்மாள் வாசலில் உட்கார்ந்து, பாதி எரிந்த ஒரு செருப்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“யாரும்மா நீங்க?”

“பேப்பர் ஆபீஸ்ல வேலை பார்க்கிறேன்” என்றாள் கட்டக்கா.

“தம்பி படிக்கமாட்டான். பேப்பர் விரிச்சுப் படுப்பான்.” செருப்பைக் கீழே வைத்தாள். “எதுக்கு எரிச்சாங்கன்னு யாருமே சொல்ல மாட்டேங்கிறாங்க. ஏதோ எழுதினதுக்காகன்னு சொல்றாங்க. எழுதினதுக்கா எரிப்பாங்க? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

“ஒரு விளையாட்டுக் குறிப்பு. விலங்கைப் பத்தினது.”

“விலங்கா?” என்றாள் அந்த அம்மாள். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கட்டக்கா அதைக் குடித்தாள். வேறென்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

தேர்தலில் கரடிதான் ஜெயித்தான், நல்ல வித்தியாசத்தில். பயத்தில் போட்டவர்கள் பாதி, லாரி எரிந்த பரிதாபத்தில் போட்டவர்கள் பாதி. ஜெயித்த கையோடு அவன் நல்லவனாக மாறத் தொடங்கினான். பத்திரிகை ஆபீஸில் அடித்தவர்களுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை, மச்சானை வீட்டுக்குள்ளேயே சேர்ப்பதில்லை என்று மேடையில் சொன்னான். மச்சானுக்கு வக்கீல் வைக்கவில்லை. கோர்ட்டில் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை.

வழக்கு இழுத்துக்கொண்டே போனது. கட்டக்கா மேலும் ஒரு வழக்கு இருந்தது, கத்தியால் வெட்டியதற்கு. கூண்டில் ஏறியபோது அவளைக் காப்பாற்ற அவளுடைய வக்கீலே கேட்டார். “உயிருக்குப் பயந்து ஏதோ கைக்குக் கிடைத்ததை வீசினீர்கள், அப்படித்தானே? எங்கே பட்டது என்றுகூடத் தெரியாது, அப்படித்தானே?”

“தெரியும். முகத்துலதான் வெட்டினேன்.”

“வேண்டுமென்றேவா?” என்றார் எதிர் வக்கீல்.

“முதல் வெட்டு எப்படி விழுந்துச்சுன்னு தெரியல. ரெண்டாவது வேணும்னுதான். மூணாவதும்.”

அவளுடைய வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். அபராதமும், ஒழுங்காக இருப்பேன் என்ற எழுத்து ஜாமீனும் என்று அவளுக்குத் தீர்ப்பானது. மச்சானுக்கு நான்கு வருஷம். செயின் வீசியவன் கடைசிவரை பிடிபடவே இல்லை. மச்சானைக் கூட்டிக்கொண்டு போகும்போது அவன் வரண்டாவில் அவள் முன்னால் நின்றான். கன்னத்தில் தையல் புழு மாதிரி நெளிந்து கிடந்தது. பேச்சு ஒரு பக்கமாக ஒழுகியது.

“உன் மேல எனக்குக் கோவம் இல்ல” என்றான். “நீ எழுதின, நான் அடிச்சேன், நீ வெட்டின. சரியாப் போச்சு. வீட்டுக்குள்ள சேர்க்கலைன்னு சொன்னான் பாரு, அவன் கணக்குதான் பாக்கி.”

போலீஸ்காரன் அவனை இழுத்துக்கொண்டு போனான். இவன் சொன்னது இன்னது என்று அவளுக்குப் புரிந்தது. இன்ஸ்பெக்டரைத் தேடிப் போய்ச் சொன்னாள். “ஜெயிலுக்குப் போறவன் எல்லாம் அப்படித்தாம்மா சொல்வான்” என்றார் அவர்.

மச்சான் வெளியே வந்த வாரமே அது நடந்தது. காலையில், ஷெட் வாசலில், டிரைவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கரடி காரிலிருந்து ஒரு காலைத் தரையில் வைத்தபோது மச்சான் அரிவாளோடு போனான். முதல் வெட்டு கழுத்தில். அதற்குப் பிறகு விழுந்த வெட்டுகளை யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் ஓடிவிட்டார்கள். முடித்துவிட்டு மச்சான் அங்கேயே லாரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து போலீஸ் வரும்வரை காத்திருந்தான் என்றார்கள்.

அன்று காலை பத்திரிகை ஆபீஸில் ஒரே பரபரப்பு. லேஅவுட்காரன் வேலைக்குத் திரும்பி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒற்றைக் கண்ணோடு திரைக்கு மிக அருகில் முகத்தை வைத்துப் பக்கம் போட்டுக்கொண்டிருந்தான். ஏழாம் பக்கத்தில் புதிருக்குப் பதிலாக அப்போது ராசிபலன் வந்துகொண்டிருந்தது. ஆசிரியர் கட்டக்காவை அறைக்குக் கூப்பிட்டார். அன்று தாழ்ப்பாள் போட்ட அதே அறை, அதே ஆசிரியர்.

“அந்தப் பழைய கட்டத்தை நாளைக்கு முதல் பக்கத்துல போடப்போறோம். பெருசா. விடையோட” என்றார். அவர் முகம் மலர்ந்திருந்தது. “இந்தத் தடவை உங்க சொந்தப் பேரையே போட்டுடலாம்.”

“வேண்டாம் சார்.”

“ஏன்? அவன்தான் போய்ச் சேர்ந்துட்டானே. இனிமே யார் வந்து அடிக்கப்போறா?”

“சார், ஒரு ஆள் வெட்டுப்பட்டுக் கிடக்கான். அவனுக்குப் பெண்டாட்டி இருக்கா. வெட்டினது அவ தம்பி. நாளைக்குக் காலையில அவ வீட்டு வாசல்லயும் இந்தப் பேப்பர் விழும்.”

“உங்க கையை உடைச்சவனுங்கம்மா!”

“தெரியும். என் கைதானே.”

“அந்தத் தம்பி கண்ணு போச்சே, அதையாவது நினைச்சுப் பாருங்க. அவனுக்காகவாவது—”

அவர் முடிக்கவில்லை. அவள் அறைந்தாள். மடங்காத இரண்டு விரலும் விறைத்து நிற்க, அந்த வலது கையாலேயே அறைந்தாள். ஆசிரியரின் உதடு கிழிந்து மேஜை மேலிருந்த தாளில் சொட்டியது. அவளுக்குக் கை உயிர் போகிற மாதிரி வலித்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

“கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருந்தீங்களே சார்” என்றாள். “அந்தக் கண்ணைப் பத்தி நீங்க பேசாதீங்க.”

வெளியே வந்து தன் சிவப்புப் பேனாவையும் அகராதியையும் பைக்குள் போட்டாள். லேஅவுட்காரன் எழுந்து ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

“நீ எதுக்குத் தம்பி?”

“அந்தக் கட்டத்தை நான் அடுக்க மாட்டேன்கா. அடுக்கலைன்னா எப்படியும் வேலையை விட்டு அனுப்பத்தான் போறாங்க. உங்க கூடவே வந்துட்டா பஸ்ஸுக்குப் பேச்சுத் துணை.”

மறுநாள் அந்தக் கட்டம் வந்தது. யாரோ பழைய பேப்பரைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். அவள் அதை வாங்கவில்லை. கரடியின் பெண்டாட்டி அதைப் பார்த்தாளா என்று அவளுக்கு என்றைக்கும் தெரியவில்லை. அந்த அம்மாள் ஒரு வாரத்துக்குள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டதாகக் கேள்விப்பட்டாள்.

இப்போது இரண்டு பேருமாகச் சேர்ந்து சில வாரப் பத்திரிகைகளுக்குப் புதிர்ப் பக்கம் தயாரித்துக் கொடுக்கிறார்கள். அவள் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு நீள மேஜை. அவள் பென்சிலைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு எழுதுகிறாள். விலங்குகளை எழுதுவதில்லை. ஆறு, மலை, பாத்திரம், பண்டம் என்று போகிறது. அதில்கூட எழுதி முடித்ததும் யார் யார் எப்படி எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரு தடவை யோசித்துப் பார்க்கிறாள். தெரு முனையில் மோட்டார் சைக்கிள் கூட்டமாக வந்து நின்றால் அவள் கை தானாகவே மேஜையில் எதையோ தேடுகிறது. அது மட்டும் போகவே இல்லை.

எழுதின புதிர்களைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்னால் போட்டுப் பார்ப்பது லேஅவுட்காரனின் மனைவி. அவள் எப்போது அந்த வீட்டுக்கு வரத் தொடங்கினாள், முதல் நாள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று மூவருக்குமே சரியாக நினைவில்லை. மன்னிப்பு என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. ஒரு நாள் புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் மேஜையில் கிடந்த கட்டத்தைப் பார்த்து, “இது தப்பு” என்றாள். உண்மையிலேயே தப்புதான்.

நேற்றும் ஒரு கட்டத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தவள் பென்சில் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, வரலையா?” என்றாள் கட்டக்கா.

“வந்துடுச்சு. ஆனா ஆறாவது குறிப்பு ரொம்பச் சுத்துது. வேணும்னே அலைய விடுறீங்க.”

“கொஞ்சம் அலையட்டுமே.”

“சமையலை அடுப்புல வெச்சுட்டுப் போடுறவ எத்தனை நேரம் அலைவா? மாத்துங்க.”

“அவ சொன்னா மாத்திடுங்கக்கா” என்றான் லேஅவுட்காரன், திரையிலிருந்து முகத்தை எடுக்காமல். “வீட்டுக்குப் போய் நான்ல வாங்கிக் கட்டிக்கணும்.”

கட்டக்கா அழிப்பானை எடுத்தாள்.